திங்கள் காலை ஒன்பது மணி: டெஸ்க்டாப் விர்ச்சுவலைசேஷன் நாட்குறிப்பு

மார்ச் 3, 2025, திங்கள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு வரும் அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிகிறது. எங்கள் கணினிகளில் பாதிக்கு மேல் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாதவை, விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. எல்லாவற்றையும் புதிதாக வாங்குவதா, இல்லை டெஸ்க்டாப்பை சர்வருக்குள் வைத்துவிட்டுப் பழைய பெட்டிகளை வெறும் திரையாக ஓட்டுவதா? பார்த்துச் சொல்லும் வேலை என் தலையில். மேலிடத்துக்கு ஏற்கெனவே வி.டி.ஐ. மீது, அதாவது ஆளுக்கொரு கணினியை சர்வருக்குள்ளேயே உருவாக்கும் முறை மீது, ஆசை வந்துவிட்டது தெரிகிறது. எனக்கு இன்னும் வரவில்லை.

மார்ச் 5, புதன்

கையில் இருக்கும் வழிகள் மூன்று. ஒரே விண்டோஸ் சர்வரில் பலர் தனித்தனி செஷனாக நுழைவது பழைய வழி. சிட்ரிக்ஸின் வின்ஃப்ரேம் 1995-லும் மைக்ரோசாஃப்ட்டின் என்.டி. 4.0 டெர்மினல் சர்வர் 1998-லும் வந்தவை. அடுத்தது வி.டி.ஐ.: ஆளுக்கொரு விர்ச்சுவல் மெஷின் (சர்வருக்குள் மென்பொருளால் உருவாகும் தனிக் கணினி), உள்ளே சர்வருக்கான ஓ.எஸ். (இயங்குதளம்) இல்லாமல், மேசைக் கணினியில் இருப்பதுபோன்ற முழு விண்டோஸ். மூன்றாவது, அதையே கிளவுடில் வாடகைக்கு எடுப்பது.

பழையது என்பதால் செஷன் முறையை யாரும் மதிப்பதில்லை. ஆனால் ஒரு ஓ.எஸ்.ஸைப் பலர் பகிர்வதால், அதே சர்வரில் வி.டி.ஐ.யைவிட அதிகம் பேரை ஏற்றலாம். தொல்லை என்னவென்றால், ஒருவர் பிரவுசரில் ஐம்பது டேப் திறந்தால் பக்கத்துச் செஷன்காரருக்கும் மூச்சு முட்டும். சில மென்பொருள்கள் சர்வர் ஓ.எஸ். என்று தெரிந்ததுமே நிறுவ மறுக்கும்.

மார்ச் 7, வெள்ளி

டெமோ. எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஓடாமல் என்ன, காலி சர்வரில் ஒரே ஒரு யூசர்!

மார்ச் 10, திங்கள்

சோதனைக்குக் கடன் வாங்கிய சர்வரில் இன்று உண்மையான பரீட்சை. திங்கள் காலை ஒன்பது மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் லாகின் ஆவதுபோல ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டினோம். மதியம் ஒருவராக நுழைந்தபோது சட்டென்று வந்த டெஸ்க்டாப், கூட்டமாக நுழைந்தபோது காபி குடித்துவிட்டு வரலாம் என்கிற அளவுக்கு இழுத்தது. திரையில் வரவேற்புச் செய்தி, சுற்றிக்கொண்டே இருக்கும் புள்ளிகள், அப்புறம் கறுப்புத் திரை, அதற்கும் அப்புறம்தான் டாஸ்க்பார்.

சி.பி.யூ. மீது பழி போடத்தான் முதலில் தோன்றும். கவுன்ட்டரைப் பார்த்தால் அது பாதிகூட நிரம்பவில்லை. டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் வேலைகளின் வரிசைதான் நீண்டு கிடந்தது. மெஷின்கள் பூட் ஆகும்போது பெரும்பாலும் டிஸ்க்கிலிருந்து படிப்பதுதான். வேலை தொடங்கியதும் டிஸ்க்கில் எழுதுவது கூடிவிடும். தனிக் கணினியில் ஆளுக்கொரு டிஸ்க் இருக்கிறது, இங்கே அத்தனை பேருக்கும் ஒரே ஸ்டோரேஜ். அதை அளக்காமல் கோர் எண்ணிக்கையையும் ராமையும் மட்டும் வைத்துக் கணக்குப் போட்ட எந்தக் கோட்டேஷனையும் இனி படிப்பதாக இல்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஆன்டிவைரஸ் எல்லா மெஷினிலும் ஒரே நிமிடத்தில் முழு ஸ்கேன் தொடங்கும்படி இருந்தது. நேரத்தைச் சிதறடித்து மாற்றியதுமே வரிசை குறைந்தது.

மார்ச் 12, புதன்

வி.டி.ஐ.யில் இரண்டு வகை. ஒருவருக்கே சொந்தமான மெஷின் என்றால் அவர் வைத்தது அப்படியே இருக்கும். ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பராமரிக்க வேண்டும், அதாவது பழைய தலைவலிதான், இடம் மட்டும் மாறியிருக்கிறது. பொது மெஷின் என்றால் எல்லா மெஷினுக்கும் அச்சாக இருக்கும் ஒரே மூல இமேஜைப் புதுப்பித்தால் போதும், எல்லாரும் அடுத்த லாகினில் புதியதில் இருப்பார்கள். ஆனால் லாக்-ஆஃப் ஆனதும் அவர்கள் வைத்த எல்லாம் போய்விடும். அவுட்லுக் தினமும் காலையில் அஞ்சலை முதலிலிருந்து இறக்கும்.

அதற்குத்தான் எஃப்.எஸ்.லாஜிக்ஸ். மைக்ரோசாஃப்ட் 2018-இல் வாங்கிய நிறுவனத்துடையது. யூசரின் ப்ரொஃபைல் (அவருடைய அமைப்புகள், கோப்புகள்) முழுவதையும் ஒரு விர்ச்சுவல் டிஸ்க் கோப்பாக ஃபைல் ஷேரில், அதாவது நெட்வொர்க்கில் உள்ள பொதுக் கோப்புறையில், வைத்து, லாகினில் மாட்டிவிடுகிறது. நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஷேர் விழுந்தால் அத்தனை பேரும் விழுவார்கள். அதையும் பட்டியலில் சேர்த்தாயிற்று. ஆன்டிவைரஸில் அந்தக் கோப்புகளுக்கு விலக்குக் கொடுக்கவும் வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

கணக்குப் பிரிவில் உட்கார்ந்தேன். அங்கே பில்களை ஸ்கேன் செய்து நேராகக் கணக்கு மென்பொருளுக்குள் ஏற்றுகிறார்கள். சர்வர் டெஸ்க்டாப்பில் ஸ்கேனரே தெரியவில்லை. மேசையில் செருகிய கருவியை சர்வருக்குக் காட்டும் யு.எஸ்.பி. ரீடைரக்‌ஷனை இயக்கியதும் தெரிந்தது, ஆனால் ஒரு பக்கம் வருவதற்குள் பொறுமை போய்விட்டது. "சார், இது வேலைக்கு ஆகாது, பழையதையே விட்டுடுங்க" என்றார் அங்கிருந்த மூத்தவர். ஸ்கேனரை யு.எஸ்.பி.யிலிருந்து எடுத்து நெட்வொர்க்கில் போட்டு, கோப்புறைக்கு நேராக ஸ்கேன் ஆகும்படி மாற்றியபின் அவரே ஒன்றும் சொல்லவில்லை. பிரிவு பிரிவாக இப்படிப் போய் உட்காராமல் தீராது.

மார்ச் 18, செவ்வாய்

வீடியோ அழைப்பு. சும்மா ஓடவிட்டால் கேமராப் படம் இங்கிருந்து சர்வருக்குப் போய், அங்கிருந்து எதிராளிக்குப் போகிறது. திரும்பி வருவதும் அதே சுற்று. சர்வர் சூடாகும், குரல் வெட்டும். டீம்ஸ் போன்றவற்றில் மீடியா ஆப்டிமைசேஷன் இருக்கிறது: படமும் குரலும் மேசைக் கணினியிலிருந்தே நேராகப் போய்விடும். அப்படியானால் மேசைக் கணினிக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். பழைய பெட்டி வெறும் திரைதான் என்ற வாதம் இங்கே இடிக்கிறது.

மார்ச் 20, வியாழன்

லைசென்ஸ். செஷன் முறைக்கு ஆர்.டி.எஸ். சி.ஏ.எல். (ரிமோட் டெஸ்க்டாப் சேவைக்கான அணுகல் உரிமம்) வேண்டும். ஆளுக்கு ஒன்றாகவும் வாங்கலாம், கருவிக்கு ஒன்றாகவும் வாங்கலாம். ஷிஃப்ட்டில் ஒரே கணினியைப் பலர் பகிரும் பிரிவுக்குக் கருவிக் கணக்கே லாபம். லைசென்ஸ் இல்லாமல் 120 நாள் ஓடும், அதனால்தான் சோதனை ஓட்டத்தில் இந்தச் செலவு கண்ணிலேயே படுவதில்லை. வி.டி.ஐ.க்கு விண்டோஸ் என்டர்பிரைஸ் சந்தாவோ வி.டி.ஏ. எனும் விர்ச்சுவல் டெஸ்க்டாப் அணுகல் உரிமையோ தனியாக வேண்டும். முடிந்தால் இதை வேறு யாராவது படித்துச் சொல்லட்டும்.

மார்ச் 25, செவ்வாய்

கிளவுட். மைக்ரோசாஃப்ட்டிடமே இரண்டு வழிகள். அஷூர் விர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் மெஷின் ஓடும் நேரத்துக்குக் கட்டணம், இரவில் அணைத்தால் மிச்சம். விண்டோஸ் 365 ஆளுக்கு மாதத்துக்கு இவ்வளவு என்று நிலையானது. பகுதி நேரக்காரர்களுக்கு முதலாவது, நாள் முழுக்க உட்காருபவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவது சரிப்படும்.

எங்களுக்கு இடிக்கும் இடம் வேறு. கணக்கு மென்பொருளின் டேட்டாபேஸ் எங்கள் சர்வர் அறையில் இருக்கிறது. டெஸ்க்டாப்பை மட்டும் கிளவுடுக்கு அனுப்பினால் டேட்டாபேஸிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் இணைய இணைப்பைத் தாண்டிப் போய்வரும். டேட்டா இருக்கும் இடத்தில்தான் டெஸ்க்டாப்பும் இருக்க வேண்டும்.

மார்ச் 28, வெள்ளி

அறிக்கை அனுப்பியாயிற்று. கணக்கு, விற்பனை, அலுவலகப் பணிகள் எல்லாம் எங்கள் சர்வரிலேயே செஷன் முறையில். மென்பொருள் எழுதுபவர்களுக்கு மட்டும் சொந்த விர்ச்சுவல் மெஷின். வெளியே சுற்றுபவர்களுக்கு வழக்கம்போல லேப்டாப். சர்வர் டெஸ்க்டாப் கொடுத்தால், இணைப்பு போகும்போது அவர்களுக்கு டெஸ்க்டாப்பே போய்விடும். வீடியோ அழைப்பில் நாளைக் கழிப்பவர்களுக்குப் புதுக் கணினி. வி.டி.ஐ. எல்லாருக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

இரண்டு நிபந்தனைகளைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். பழைய பெட்டிகளில் விண்டோஸ் 10-ஐ விட்டுவைக்கக் கூடாது; வெறும் திரை என்றாலும் அக்டோபருக்குப் பிறகு பேட்ச் (பாதுகாப்புத் திருத்தம்) இல்லாத விண்டோஸ் அது. லினக்ஸ் தின் கிளையன்ட்டாக, அதாவது சர்வரோடு இணைவதற்கு மட்டுமான எளிய கணினியாக, மாற்ற வேண்டும். அப்புறம், ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறக்கவே கூடாது. கேட்வே வழியாக, இரண்டாம் கட்ட உறுதிப்படுத்தலோடு மட்டுமே வெளியிலிருந்து நுழைவு. ஸ்டோரேஜுக்கான கோட்டேஷன் செவ்வாய்க்கிழமை வருகிறது.