விட்ட புள்ளிகளை எண்ணிப் பார்த்த சீசன்

போர்ச்சுகல் கால்பந்து லீக்கில் யார் சாம்பியன் ஆவார்கள் என்று 2024-25 சீசன் முழுக்க ஒரு நோட்டில் கணக்கு எழுதிப் பார்த்தேன். எடுத்த புள்ளிகளை அல்ல, விட்ட புள்ளிகளை. 34 ஆட்டம், வெற்றிக்கு 3, டிராவுக்கு 1, அதிகபட்சம் 102 புள்ளி. டிரா என்றால் 2, தோல்வி என்றால் 3 ஏற வேண்டியதுதான், மளிகைக் கடைக் கடன் நோட்டு மாதிரி.

பக்கம் ஒதுக்கியது ஸ்போர்டிங், பென்ஃபிகா, போர்ட்டோ மூவருக்கு மட்டும். இந்த மூவரைத் தவிர பட்டம் வென்றவர்கள் பெலெனென்சஸும் போவிஷ்டாவும்தான், அதுவும் ஆளுக்கு ஒரே ஒரு முறை. முந்தைய நான்கு சாம்பியன்கள் எடுத்தவை 85, 91, 87, 90. அதாவது 17க்கு மேல் யாரும் விடவில்லை. அங்கே ஒரு சிவப்புக் கோடு போட்டேன்.

நான்கு ஆட்டத்திலேயே பென்ஃபிகா கணக்கில் 5 ஏறிவிட்டது. ஃபமலிகாவிடம் தோல்வி, மொரெய்ரென்சேயிடம் டிரா, பயிற்சியாளர் ரோஜர் ஷ்மிட் வெளியே. ஸ்போர்டிங்கோ 11 ஆட்டத்தில் 11 வெற்றி, பக்கம் வெள்ளையாகவே இருந்தது. ‘முடிந்தது’ என்று பேனாவிலேயே எழுதிவிட்டேன். பென்சிலில் எழுதியிருக்கலாம்.

ஏனென்றால் நவம்பரில் ஸ்போர்டிங் பயிற்சியாளர் ரூபன் அமோரிம் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார். அடுத்து வந்த ஜோவாவ் பெரேரா காலத்தில் சாண்டா கிளாராவிடம் 3, மொரெய்ரென்சேயிடம் 3, ஜில் விசென்டேயிடம் 2. கிறிஸ்துமஸோடு அவரும் போய் ரூய் போர்ஜஸ் வந்தார். முதல் ஆட்டமே பென்ஃபிகாவுடன், 1-0 வெற்றி. ஆனால் பிப்ரவரியில் போர்ட்டோ, அரூகா, ஏவிஎஸ் என்று வரிசையாக மூன்று டிரா. பயிற்சியாளர் மாறுவதற்கு என் நோட்டில் கட்டமே இல்லை.

நான் சறுக்கிய இன்னொரு இடம் ஏப்ரல் 6. போர்ட்டோவின் மைதானத்தில் பென்ஃபிகா 4-1, பாவ்லிடிஸ் ஹாட்ரிக். நவம்பரில் லிஸ்பனிலும் அதே 4-1தான். மறுநாள் ஸ்போர்டிங் பிராகாவிடம் டிரா. பென்ஃபிகா 16, ஸ்போர்டிங் 18. சரி, பட்டம் பென்ஃபிகாவுக்கே என்று முடிவு கட்டினேன். அடுத்த வாரமே சொந்த மைதானத்தில் அரூகாவுடன் 2-2! போர்ட்டோவை எட்டு கோல் அடித்து எடுத்தது 6 புள்ளி. காசா பியா, ஏவிஎஸ், அரூகா மூவரிடமும் சத்தமில்லாமல் விட்டது 7.

33ஆவது சுற்றில் இருவரும் மோதியபோது ஆளுக்கு 18, இருவருமே சிவப்புக் கோட்டைத் தாண்டியிருந்தார்கள். அதுவும் 1-1. புள்ளி சமமானால் நேருக்கு நேர் முடிவைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஆகவே டிசம்பரின் அந்த 1-0 கிட்டத்தட்ட ஒரு கூடுதல் புள்ளி. அதற்கும் என்னிடம் கட்டம் இல்லை. கடைசி நாளில் அது தேவைப்படவும் இல்லை. ஸ்போர்டிங் விட்டோரியாவை 2-0 வென்றது, பென்ஃபிகா பிராகாவிடம் 1-1. முடிவு 20, 22. போர்ட்டோ 31, அந்தப் பக்கத்தை வசந்த காலத்திலேயே மூடிவிட்டேன்.

அப்புறம் முந்தைய சீசனையும் இதே முறையில் போட்டுப் பார்த்தேன். ஸ்போர்டிங் அப்போது விட்டது வெறும் 12. அவர்களின் ஸ்ட்ரைக்கர் கியோக்கெரெஸ் 39 கோல் அடித்தும் இந்த முறை 8 கூடிவிட்டது. பென்ஃபிகா? அப்போதும் 22.