மாடி வகுப்பு: ஒரு ஜூலை மாத நாட்குறிப்பு

ஜூலை 1, 2024, திங்கள்

மத்திய அரசு வேலைக்குப் பட்டதாரிகள் எழுதும் எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வின் அறிவிப்பு போன வாரம் வந்ததிலிருந்து மாலை வகுப்புக்கு ஆள் கூடியிருக்கிறது. எங்கள் கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகள். பெரும்பாலும் தமிழ்வழியில் படித்தவர்கள். கணக்கிலும் ரீசனிங்கிலும் கெட்டி. இங்கிலீஷ் என்றதும்தான் முகம் மாறுகிறது.

முதல் கட்டத் தேர்வில் ஒரு மணி நேரத்தில் 100 கேள்வி. அதில் இங்கிலீஷ் 25 கேள்வி, 50 மார்க். தப்பான விடைக்கு அரை மார்க் போய்விடும். இரண்டாம் கட்டத்தில் இங்கிலீஷுக்கு மட்டும் 135 மார்க். "இதை விட்டுட்டு மத்ததுல அள்ளிடலாமாக்கா?" என்று ஒரு தம்பி கேட்டான். முடியாது. வினாத்தாளே இங்கிலீஷிலும் இந்தியிலும்தான் வருகிறது. வட்டிக் கணக்கைக்கூட இங்கிலீஷில் படித்துப் புரிந்துகொண்டுதான் போடவேண்டும். அலுவலக உதவியாளர் மாதிரி வேலைகளுக்கு எஸ்எஸ்சி நடத்தும் எம்டிஎஸ் தேர்வை 2023 முதல் தமிழிலும் எழுதலாம் என்று ஆக்கினார்கள், நல்ல காரியம். சிஜிஎல்லுக்கும் அது வரவேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஆனால் அதுவரை காத்திருந்தால் இவர்களுக்கு வயசு தாண்டிவிடும்.

ஜூலை 3, புதன்

இன்று எரர் ஸ்பாட்டிங், வாக்கியத்தில் தப்பு எங்கே என்று கண்டுபிடிப்பது. கொடுத்த வாக்கியம்: 'தி கலெக்டர், அலாங் வித் ஹிஸ் ஆபீசர்ஸ், ஹேவ் விசிட்டட் தி டேம்.' ஏறக்குறைய எல்லோரும் 'நோ எரர்' என்று குறித்தார்கள். ஆபீசர்ஸ் என்ற பன்மை பக்கத்திலேயே இருப்பதால் ஹேவ் காதுக்குச் சரியாகப் படுகிறது.

விதியைப் போர்டில் எழுதாமல் தமிழில் கேட்டேன்: நண்பர்களுடன் தம்பி வந்தானா, வந்தார்களா? 'வந்தான்' என்று சட்டென்று பதில் வந்தது. ஏன்? 'உடன்' ஒட்டிய பெயர் எழுவாய் ஆகாது. மூன்றாம் வேற்றுமை, உடனிகழ்ச்சிப் பொருள் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தது இதுதான். அலாங் வித், டுகெதர் வித், அஸ் வெல் அஸ் மூன்றும் நம் 'உடன்' மாதிரி. அவற்றுக்குப் பின்னால் எத்தனை பேர் வந்தாலும் வினைச்சொல் முன்னால் நிற்கும் கலெக்டரைத்தான் பார்க்கும், ஆகவே ஹேஸ். 'அன்ட்' வந்தால் அது நம் 'உம்': தம்பியும் நண்பனும் வந்தார்கள், பன்மை.

பின்வரிசையில் ஒருத்தி "இதுக்காகவா இத்தனை நாள் பயந்தோம்" என்றாள். தமிழ்வழியில் படித்ததைக் குறையாக நினைத்துக்கொண்டு இவர்கள் வருவது எனக்குத் தாங்கவில்லை. இலக்கணம் இவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

நைதர், நார் வரும் வாக்கியங்களுக்குத் தமிழ் உதவாது. கிட்டத்தில் இருக்கும் சப்ஜெக்டைப் பார், அவ்வளவுதான். அதை மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டேன்.

ஜூலை 6, சனி

சின்ஸும் ஃபாரும். 'மூன்று வருஷமாக' என்று தமிழில் வந்தால் ஃபார். '2021-லிருந்து' என்று வந்தால் சின்ஸ். 'ஆக', 'இலிருந்து' என்று இரண்டு தனித்தனி உருபு நம்மிடமே இருக்கும்போது குழம்பவேண்டியதில்லை.

குழப்பம் காலத்தில்தான். 'மூன்று வருஷமாக இங்கே வேலை பார்க்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்லிவிடுகிறோம். அதை அப்படியே கொண்டுபோனால் 'ஐ ஆம் வொர்க்கிங்' ஆகிவிடும். இங்கிலீஷுக்கு 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்' வேண்டும். தேர்வில் தூண்டில் போடுவதும் இந்த இடத்தில்தான்.

ஜூலை 10, புதன்

தமிழ் கைகொடுக்கும் இடம், காலை வாரும் இடம் என்று நோட்டில் இரண்டு பத்தி போட்டு எல்லோரையும் எழுத வைத்தேன். 'எனக்கு மூத்தவர்' என்பதில் நான்காம் வேற்றுமை இருப்பதால் 'சீனியர் டு மீ' தானாக வருகிறது. ஆனால் 'காபியைவிட டீ பிடிக்கும்' என்ற பழக்கத்தில் ப்ரிஃபருக்குப் பின்னால் 'தேன்' (than) போடுகிறார்கள். அங்கேயும் டு தான். 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்பது 'டிஸ்கஸ்ட் அபௌட்' ஆகிறது, அபௌட் கூடாது. அட்வைஸ், ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன் மூன்றுக்கும் எஸ் கிடையாது.

ஆர்ட்டிக்கிளைத் தொடவில்லை. அதற்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும்.

ஜூலை 14, ஞாயிறு

வொகாபுலரி. தினம் ஐம்பது வார்த்தை என்று பட்டியல் போட்டு உருப்போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு வாரத்தில் பாதி போய்விடும். வேரைப் பிடித்தால் குடும்பமே வரும். 'சைட்' என்று முடிந்தால் லத்தீனில் கொலை. ரெஜிசைட் அரசனைக் கொல்வது, மேட்ரிசைட் தாயை, ஃப்ராட்ரிசைட் உடன்பிறந்தவனை. ஜெனோசைட் என்ற சொல்லை 1944-இல் ரஃபேல் லெம்கின் என்ற போலந்து யூத வழக்கறிஞர் உருவாக்கினார் என்றதும் வகுப்பே அமைதியாகிவிட்டது. அந்தச் சொல்லை இனி யாரும் மறக்கமாட்டார்கள்.

பாய்காட் என்பதும் ஒரு ஆளின் பெயர்தான். 1880-இல் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் கேப்டன் சார்லஸ் பாய்காட் நிலக்கிழாருக்குக் குத்தகை வசூலிக்கும் ஏஜென்ட். விளைச்சல் சரியில்லை, குத்தகையைக் குறையுங்கள் என்று விவசாயிகள் கேட்டார்கள். அவர் இசையவில்லை. ஊரே அவரை ஒதுக்கிவைத்தது. வயலுக்கு ஆள் வரவில்லை, கடையில் சாமான் தரவில்லை. மானாவாரிக் காட்டுப் பிள்ளைகளுக்கு இதற்கு விளக்கமே தேவைப்படவில்லை.

தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டே அஞ்சல்வழியில் பி.காம் முடித்த பெண்ணின் நோட்டைப் பார்த்தேன். ஆங்கிலப் பேப்பர் தலையங்கத்திலிருந்து ஒரு நாளைக்கு நாலைந்து சொல்தான் எடுக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் பேப்பரில் வந்த முழு வாக்கியம் நீல மையில். அடியில் அவள் வேலை பார்க்கும் இடத்தை வைத்துச் சொந்த வாக்கியம் பென்சிலில். ஹசார்டஸ் என்ற சொல்லுக்கு மருந்து முக்கும் அறையைப் பற்றி எழுதியிருந்தாள். அதில் திருத்த ஒன்றுமே இல்லை. அந்தப் பக்கத்தை எல்லோருக்கும் காட்டினேன்.

ஜூலை 21, ஞாயிறு

டைரக்ட், இன்டைரக்ட் ஸ்பீச்சில் ஒரே தப்பு திரும்பத் திரும்ப வந்தது: 'ஹி ஆஸ்க்ட் மீ தட்.' காரணம் நம் 'என்று'. வந்தேன் என்று சொன்னான், வருவாயா என்று கேட்டான், வா என்று சொன்னான். எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே 'என்று' போதும். இங்கிலீஷ் அதை மூன்றாகப் பிரிக்கிறது. செய்திக்குத் தட், ஆம் இல்லை என்று பதில் வரும் கேள்விக்கு இஃப், கட்டளைக்கு டு. கேள்வி வொய், வேர் என்று தொடங்கினால் அந்தச் சொல்லே போதும். முதலில் என்ன வகை 'என்று' என்று பார், அப்புறம் பேனாவை எடு என்றேன். அதன் பிறகு கொடுத்த வாக்கியங்களில் அந்தத் தப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது.

நேரம் வைத்துப் பழகுவதும் தொடங்கியாயிற்று. இங்கிலீஷ் 25 கேள்வியைப் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் முடித்தால்தான் கணக்குக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். க்ளோஸ் டெஸ்டில் கோடிட்ட இடத்தை நிரப்புவதற்கு முன் பத்தியை ஒருமுறை முழுக்கப் படிக்கவேண்டும். அந்த அரை நிமிஷம் வீண் இல்லை.

விண்ணப்பிக்க 24-ஆம் தேதி கடைசி. தீப்பெட்டி ஆபீஸ் பெண் இன்னும் போடவில்லை என்று இன்றுதான் தெரிந்தது. இங்கிலீஷுக்குப் பயந்து ஒரு பக்கம், கட்டணம் எவ்வளவோ என்று ஒரு பக்கம். கட்டணம் 100 ரூபாய், பெண்களுக்கு அதுவும் கிடையாது என்று சொல்லி வகுப்பு முடிந்ததும் லேப்டாப்பைத் திறந்து உட்காரவைத்தேன். போட்டோவும் கையெழுத்தும் ஏற்றி முடிக்க எட்டரை ஆனது. புதன்கிழமை செயப்பாட்டுவினை.