செவலைக்குக் கால் வலி

நவம்பர் 14, 2023, கொடைக்கானல்

லாயத்தைத் திறந்தால் என் குதிரை செவலை தினமும் கனைப்பாள். இன்று தலையை மட்டும் திருப்பினாள். வெளியே நடத்தினேன். சிமெண்ட் தரையில் முள்ளுக்காட்டில் செருப்பில்லாமல் நடப்பவள் மாதிரி நடந்தாள், மண்ணில் கொஞ்சம் பரவாயில்லை. இடப்பக்கம் திருப்பியதும் நின்றேவிட்டாள். லாடம் அடித்துப் பதினோரு நாள்தான் ஆகிறது. ஆணி உள்சதையில் ஏறியிருக்கும் என்று முடிவுகட்டி, லாடம் அடித்த பாய்க்கு ஃபோன் போட்டுக் கத்திவிட்டேன்.

நவம்பர் 15

பாய் வந்தார், முகம் கொடுக்கவில்லை. "ஒரு காலுன்னா என் மேல பழி போடுங்க தம்பி. ரெண்டு முன்னங்கால்லயும் ஒரே நாள்ல ஆணி தப்புமா?"

இருந்தாலும் ஒவ்வோர் ஆணியாகப் பிடுங்கி மோந்து பார்த்தார். எல்லாம் காய்ந்திருந்தன, சீழுமில்லை, ரத்தமுமில்லை. உள்ளே சீழ் கட்டினால் பெரும்பாலும் ஒரு காலைத்தான் தூக்கிப் பிடித்து நிற்குமாம். இவள் முன்னங்கால் இரண்டையும் முன்னே நீட்டி, பாரத்தைப் பின்னால் சாய்த்து நிற்கிறாள்.

பிறகு என் விரலை இழுத்து, குளம்புக்கு மேல் இருக்கும் மூட்டின் பின்பக்கம் வைத்தார். நல்ல குதிரைக்கு அங்கே நாடியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இன்று தொட்டவுடன் துள்ளியது, இரண்டு காலிலும்.

குளம்பின் வெளிச்சுவரில் வளையங்கள். முன்பக்கம் நெருக்கமாகவும் குதிகால் பக்கம் அகலமாகவும் விரிந்திருந்தன. ரெண்டு வருஷமாகப் பார்க்கிறேன், அழகு என்றுதான் நினைத்திருந்தேன். "இது நேத்து வந்த வலி இல்ல தம்பி."

ராத்திரி ஸ்கேல் வைத்து அளந்தேன். ஆழமான வளையம் முடி முடியும் இடத்திலிருந்து 5 செ.மீ. கீழே. குளம்பு மாதத்துக்கு 8 மி.மீ. வளர்கிறது என்று வைத்தால் ஆறு மாதம். அப்படியென்றால் மே மாதம், சீசன். எங்கள் வேலியோரம் வந்த ஒவ்வொரு குழந்தை கையிலும் ஒரு கேரட். போட்டோ எடுத்துக் கொடுத்தவன் நான்தான்.

நவம்பர் 17

கால்நடை டாக்டரம்மா வந்தார். பெரிய இடுக்கியால் குளம்பைச் சுற்றி அழுத்திக்கொண்டே வந்தார். குதிகாலில் ஒன்றுமில்லை. உள்ளங்குளம்பின் முக்கோண மெத்தைக்கு முன்னால், நுனிப் பக்கம் அழுத்தியதும் காலை வெடுக்கென்று இழுத்தாள். "லேமினைடிஸ்" என்றார். குளம்புச் சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைக்கிற மெல்லிய மடிப்புகள் விட்டுக்கொடுக்கின்றன.

பிறகு காலை விட்டுவிட்டுக் கழுத்துக்குப் போனார். பிடரி வாழைத்தண்டு மாதிரி கெட்டியாக இருந்தது. கண்ணுக்கு மேலே குழி விழ வேண்டிய இடம் மேடாக, வாலடியில் கொழுப்புத் திரட்சி. விலா எலும்பு கைக்கே சிக்கவில்லை. "கொழுகொழுன்னு வச்சிருக்கேன்" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

இதற்கெல்லாம் காரணம் இன்சுலினாக இருக்கும் என்றார். என் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் என்பதால் எனக்கு எளிதாகப் புரியும் என்று நினைத்தேன். இது வேறு. பெரும்பாலும் ரத்தத்தில் சர்க்கரை கூடாதாம், இன்சுலின்தான் ஏறும். 2007இல் ஆஸ்திரேலியாவில் ஆரோக்கியமான போனிகளுக்கு (குட்டை ரகக் குதிரைகள்) நரம்பு வழியாக இன்சுலினை ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். 72 மணி நேரத்துக்குள் அத்தனைக்கும் குளம்பு நோய் வந்துவிட்டது.

வலி மருந்து கொடுத்து, காலடியில் மரத்தூளை ஒரு முழ உயரத்துக்குக் கொட்டியிருக்கிறோம். வலியிருக்கும்போது இன்சுலின் தானாகவே கூடும் என்பதால் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பது திங்கட்கிழமைதான்.

நவம்பர் 20

மனிதர்களுக்கான லேப்தான் கிடைத்தது. "பன்னெண்டு மணி நேரம் சாப்பிடாம இருக்கச் சொல்லுங்க" என்றார்கள். டாக்டரம்மா கூடவே கூடாது என்றுவிட்டார். பட்டினி போட்டால் எண் இறங்கி, நோயில்லாததுபோல் காட்டுமாம். காய்ந்த புல் மட்டும் தின்னவிட்டு எடுத்தோம். படிவத்தில் எழுதினேன்: பெயர் செவலை, வயது 11, பெண்.

நவம்பர் 23

சர்க்கரை 96. இன்சுலின் 112. லேப் தாளில் அச்சடித்திருந்த அளவுகள் மனிதர்களுக்கானவை, அதைப் பார்க்காதே என்றார் டாக்டரம்மா. புல் தின்ற குதிரைக்கு 50 தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும். எக்ஸ்ரேயில் முன்சுவருக்கும் எலும்புக்கும் இடைவெளி நுனியில் விரிந்திருக்கிறது, 4 டிகிரி. குஷிங் நோயாக, அதாவது வயதான குதிரைகளுக்கு வரும் ஹார்மோன் கோளாறாக இருக்குமோ என்று கேட்டேன். வயது குறைவு, முடி ஒழுங்காக உதிர்கிறது. அடங்கவில்லையென்றால் அதற்கும் பார்க்கலாம் என்றார்.

தீனிப் பட்டியலைக் கேட்டார். கொள்ளு, கேரட், மாலையில் ஒரு துண்டு வெல்லம், போதாததற்கு மழைக்குத் தழைத்த புல்வெளி. "கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு சொல்லுவாங்களேம்மா" என்றேன். "அது மனுஷனுக்கு" என்றார்.

இனி காய்ந்த புல் 3 கிலோ, தராசில் நிறுத்து. இவள் எடை 200 கிலோ, அதில் ஒன்றரை சதவீதம். ஒரு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். டீத்தண்ணி நிறத்தில் போகிறது.

டிசம்பர் 9

பாய் குளம்பு சீவ வந்தார். நுனியைப் பின்னுக்குத் தள்ளிச் சீவினார். குளம்புச் சுவரும் உள்ளங்குளம்பும் சேரும் வெள்ளைக் கோட்டில் பழைய ரத்தக் கறை, மங்கலான ஊதா நிறத்தில். மன்னிப்புக் கேட்டேன். "டீ போடச் சொல்லுங்க" என்றார்.

இன்று இடது காலில் நாடியைத் தேட வேண்டியிருந்தது. வலது காலில் இன்னும் சட்டென்று கிடைக்கிறது.