கம்ப்ரஸர் போச்சு என்றார்கள்

ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள் வண்டியைத் தாங்கும் அமைப்பு) உள்ள ஐரோப்பியக் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. ராத்திரி நேராக நிறுத்திய வண்டி, காலையில் ஒரு மூலையில் மட்டும் சக்கரத்தின் மேல் படுத்துக் கிடக்கும். ஸ்டார்ட் செய்தால் கம்ப்ரஸர் உறுமும், வண்டி மெதுவாக எழும். என் வண்டியில் முன்பக்க இடது மூலை. இறக்குமதிக் கார்களுக்கென்றே நடத்தப்படும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டேன்.

விட்டது மட்டும்தான் சுலபமாக நடந்தது.

சர்வீஸ் அட்வைசர் ஸ்கேனரைச் செருகினார். பழுதைச் சொல்லும் கோடு (fault code) வந்தது: அழுத்தம் ஏறுவதற்கான நேரம் அளவை மீறிவிட்டது என்று. வண்டிக்கு அடியில் யாரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "கம்ப்ரஸர் போச்சு சார்." நான் கேட்டேன்: "எஞ்சினை அணைத்த பிறகு ராத்திரி முழுக்க கம்ப்ரஸர் ஓடப்போவதில்லை. அப்புறம் எப்படி ஒரு மூலை மட்டும் இறங்கும்?" பதில்: "எங்களுக்கு தினமும் இந்தக் கார்தான் சார்."

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், ஏனென்றால் பணம் போகும் இடமே இதுதான். கம்ப்ரஸர் காற்றை அழுத்தி வால்வு பிளாக்குக்கு அனுப்பும். வால்வு பிளாக் அதை ஒவ்வொரு சக்கரத்தின் காற்றுப் பைக்கும் பிரித்துவிடும். அந்தப் பை ரப்பர். வயதானால் மடிப்பில் வெடிப்பு விழும், காற்று கசியும். கசிவை ஈடுகட்ட கம்ப்ரஸர் அதிக நேரம் ஓடும், சூடேறும், அழுத்தம் ஏறத் தாமதமாகும், அதே கோடு விழும். அதாவது கம்ப்ரஸர் பழுதானாலும் அந்தக் கோடு வரும், பை கிழிந்தாலும் அந்தக் கோடு வரும். எது என்று தெரிந்துகொள்ள சோப்புத் தண்ணீர் போதும். மெர்சிடிஸ் ஏர்மேட்டிக் என்ற தன் ஏர் சஸ்பென்ஷனை எஸ்-கிளாஸில் கொண்டுவந்தது 1998-ல். இத்தனை வருடம் கழித்தும் 'ஸ்பெஷலிஸ்ட்' என்று போர்டு வைத்த இடத்தில் ஒரு ஸ்பிரே பாட்டில் இல்லை என்றால் என்ன சொல்வது.

அட்வான்ஸ் கட்டினேன். அதற்கப்புறம் மௌனம். போன் செய்தால் ஒவ்வொரு முறையும் வேறு ஒருவர் எடுத்தார், ஒவ்வொருவரிடமும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. "பார்ட் ஷிப்பிங்கில் இருக்கு" என்றார் ஒருவர். இன்னொருவர் ஆர்டரே போடவில்லை என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். ஒரு முறை நேரில் போனேன். அட்வைசர் லீவு, அவர் இல்லாமல் யாருக்கும் ஒன்றும் தெரியாது என்று அனுப்பிவிட்டார்கள்.

கடைசியில் புதுக் கம்ப்ரஸர் மாட்டினார்கள். டெலிவரி எடுக்கும்போது வண்டி கம்பீரமாக நின்றது. மறுநாள் காலை அதே மூலையில் அதே படுக்கை. பஞ்சரான சைக்கிளுக்குப் புதுப் பம்பு வாங்கித் தந்த கதை.

திரும்பப் போனால், "முன் ஸ்ட்ரட்டும் போயிருக்கு சார், அது தனிப் பிரச்சினை" என்றார்கள். ஸ்ட்ரட் என்றால் அந்தக் காற்றுப் பையும், குலுக்கலைத் தணிக்கும் டேம்பரும் சேர்ந்த யூனிட். முதல் வேலை தவறு என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. ஜாப் கார்டை நீட்டினார்கள். அதில் 'கம்ப்ரஸர் மாற்ற வேண்டும்' என்று எழுதியிருந்தது. மாற்றினோம், வேலை முடிந்தது என்பது அவர்கள் வாதம். ஜாப் கார்டில் உங்கள் புகாரை உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள்: 'நிறுத்தி வைத்தால் முன் இடது மூலை இறங்குகிறது' என்று. அப்போதுதான் இறங்குவது நின்றால் வேலை முடிந்தது என்று ஆகும். பாகத்தின் பெயரை எழுதினால் பாகம் மாறியதும் அவர்கள் கணக்கு முடிந்துவிடுகிறது.

அடுத்து ஸ்ட்ரட் வந்தது. தப்பான ஸ்ட்ரட். மாடலையும் வருடத்தையும் வைத்து ஆர்டர் போட்டிருக்கிறார்கள். என் வண்டியில் டேம்பரும் எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டில் இயங்குவது. வந்ததில் அதற்கான வயர் சாக்கெட்டே கிடையாது. ஒரே மாடல், ஒரே வருடம் என்றாலும் வண்டியில் என்ன ஆப்ஷன் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பார்ட் நம்பர் மாறும். 17 எழுத்து சேசிஸ் நம்பரைப் போட்டுப் பார்த்திருந்தால் அரை நிமிட வேலை. அந்த நம்பர் ஜாப் கார்டின் மேல் வரியிலேயே இருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அங்கேயே முடித்துக்கொண்டு பழைய கம்ப்ரஸரைக் கேட்டேன். தூக்கிப் போட்டாச்சு என்றார்கள். நான் நகரவில்லை. பழைய யூனிட்டை ரீபில்ட் செய்பவர்கள் காசு கொடுத்து வாங்குவார்கள், அதனால் அது அவ்வளவு சீக்கிரம் குப்பைக்குப் போகாது என்று தெரியும். மேனேஜர் வந்தார், ஸ்டோர் ரூம் திறந்தது, கம்ப்ரஸர் வந்தது. அதன் மேல் ஏற்கெனவே யாருக்கோ அனுப்புவதற்கான லேபிள் ஒட்டியிருந்தது. பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொண்டால் இந்த நாடகம் மிச்சம்.

வண்டியை ஃப்ளாட்பெட் லாரியில் ஏற்றித்தான் வேறு இடத்துக்குக் கொண்டுபோனேன். காற்றில்லாமல் படுத்த வண்டியை ஓட்டினால் டயர் ஃபெண்டரில் உரசும். ஜாக் வைக்கும் முன் ஜாக் மோடை ஆன் செய்யச் சொல்லுங்கள். இல்லையென்றால் தூக்கியிருக்கும்போதே வண்டி தன் உயரத்தைச் சரிசெய்யப் பார்க்கும்.

இரண்டாவது இடத்தில் வரவேற்பறை என்று ஒன்று இல்லை. மெக்கானிக் என்னையும் லிஃப்டுக்குக் கீழே கூப்பிட்டார். ஸ்பிரே அடித்தார். இடது பையின் மடிப்பில் நுரை பொங்கியது. வால்வு பிளாக்கிலும் குழாய் இணைப்புகளிலும் அடித்துப் பார்த்தார், அங்கே ஒன்றுமில்லை. "வீடியோ எடுத்துக்குங்க" என்று அவரே சொன்னார். அப்புறம் கம்ப்ரஸருக்குக் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் ரிலேயைக் கழற்றிக் காட்டினார்: பழையது. புதுக் கம்ப்ரஸர் போட்டவர்கள் ரிலேயை மாற்றவில்லை. அதன் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடி எரிந்துபோகும். கம்ப்ரஸரோடு சேர்த்து மாற்றுவதுதான் வழக்கம், விலையும் சொற்பம்.

சேசிஸ் நம்பரை வைத்து ஸ்ட்ரட் வரவழைத்தார், மாட்டினார், ஸ்கேனரில் உயரத்தைக் காலிபரேட் செய்தார். வண்டி இப்போது காலையிலும் நேராக நிற்கிறது. பழைய கம்ப்ரஸரை பேட்டரியில் இணைத்துப் பார்த்தோம். ஜோராக ஓடியது.

அந்த வீடியோவையும் இரண்டாவது பில்லையும் முதல் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினேன். தப்பான ஸ்ட்ரட்டுக்குக் கட்டிய அட்வான்ஸ் முழுதாகத் திரும்பி வந்தது. கம்ப்ரஸரைப் பற்றிப் பேச்சே இல்லை. பிறகு ஒரு நாள், 'எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?' என்று மெசேஜ் வந்தது. ஒன்று கொடுத்தேன். அத்தனை நாளும் என் போனை எடுக்க ஆளில்லாத இடத்திலிருந்து பத்து நிமிடத்தில் அழைப்பு. நட்சத்திரத்தை மாற்றினால் அடுத்த சர்வீஸில் தள்ளுபடியாம். அடுத்த சர்வீஸ் அங்கே இல்லை, கம்ப்ரஸர் மாட்டிய லேபரைத் திருப்பித் தாருங்கள் என்றேன். மேனேஜரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.