அரைப்பேர்

அக்டோபர் 27, ஞாயிறு
ஆராதனைக்குப் போக முடியவில்லை. அம்மாவுக்கு இரவெல்லாம் மூச்சிரைப்பு. "இந்த வாரமும் போச்சு" என்று முனகிக்கொண்டே இருந்தாள். சுகமானால் கொடுப்பதாக நேர்ந்துகொண்ட பொருத்தனைக் கவர் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது. தொடவிட மாட்டேன் என்கிறாள்.

அக்டோபர் 28
மழை. ரிப்போர்ட் வரவில்லை.

அக்டோபர் 29
பவுலின் ரோமர் நிருபம் 4 வாசித்தேன். "கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்." கூலி என்றதும் அம்மா கண் திறந்தாள். இலங்கையின் தலைமன்னாரில் கப்பலேறி வந்த நாள் முதல் கோத்தகிரியில் கொழுந்து எடுத்தவள். நிறை குறைந்தால் அரைப்பேர்தான், பாதிக் கூலி. அந்தத் தராசைத்தான் பரலோகத்திலும் தொங்கவிட்டிருக்கிறாள். "கூலி வாங்கத் தெரியும் புள்ள. சும்மா குடுத்தா வாங்கத் தெரியாது."

அடுத்த வசனத்தையும் வாசித்தேன். தேவன் நீதிமானாக்குவது பாவியை. நல்லவனை என்று பவுல் எழுதவில்லை. ஆபிரகாம் விசுவாசித்தது ஆதியாகமம் 15-ல், உடன்படிக்கைக்கு அடையாளமான விருத்தசேதனம் 17-ல். எதுவும் செய்து காட்டுவதற்கு முன்பே அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டுவிட்டது. யாக்கோபு தன் நிருபத்தில் காட்டுவது 22-ஆம் அதிகாரத்து ஆபிரகாமை, ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்தியவனை. அது நீதிமானாக எண்ணப்பட்டவனிடமிருந்து பிறகு வந்தது. லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், யாருக்குப் பிரசவம் என்றாலும் அம்மா போய் நின்றாளே, அதையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். சொன்னேன். அதற்குள் தூங்கிவிட்டாள்.

அக்டோபர் 31
கொடைக்கானலிலிருந்து சின்ன மாமா போன். அம்மாவுக்காக ஜெபமாலை சொல்கிறாராம். கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டியதிலிருந்து கிறிஸ்துமஸ் தவறாமல் அப்பாவோடு இதே சண்டைதான்: நீதிமானாக விசுவாசம் மட்டும் போதுமா, நற்கிரியையும் வேண்டுமா. அப்பா லூத்தர் என்பார், மாமா 1547-ல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்து சங்கம் லூத்தருக்கு எதிராகச் சொன்னதை எடுப்பார். 1999-ல் இதே அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் இதைப் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்முடைய எந்தத் தகுதியாலும் இல்லை, கிருபையினால் மட்டுமே தேவன் ஏற்றுக்கொள்கிறார் என்று இரு தரப்பும் சேர்ந்து சொன்னார்கள். பழைய கண்டனங்கள் இந்த அறிக்கையில் உள்ள போதனைக்குப் பொருந்தாது என்றும். வேறுபாடு எல்லாம் தீர்ந்துவிடவில்லை, சரி. அப்பா இருந்து இதை மாமாவோடு உட்கார்ந்து பேசியிருக்கலாம்.

நவம்பர் 1
ரிப்போர்ட் வந்தது.

நவம்பர் 2
தூக்கமில்லை. அம்மாவுக்குச் சொன்னதெல்லாம் எனக்கு நிற்கவில்லை. கிரியை வேண்டாம், விசுவாசம் போதும் என்றால், எவ்வளவு விசுவாசம்? அதையும் நிறுக்க ஆரம்பித்தால் தொலைந்தேன். மாற்கு 9-ல் அசுத்த ஆவி பிடித்த பையனின் தகப்பன் கத்துகிறான்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." பையன் சுகமானான். பாதி நம்பிக்கையோடு வந்தவனை இயேசு திருப்பி அனுப்பவில்லை. காப்பாற்றுகிறவர் அவர், என் பிடி இல்லை. மூன்று மணிக்கு இது பிடிபட்டது. விடிந்ததும் மறுபடி பயம்.

நவம்பர் 3, ஞாயிறு
மத்தேயு 20, திராட்சத்தோட்டக் கூலியாட்கள் உவமை. அம்மாவுக்குக் கோபம். "காலையிலேர்ந்து வெயில்ல நின்னவனுக்கும் கடைசியா வந்தவனுக்கும் ஒரே கூலியா? கங்காணி அப்படிப் பண்ணியிருந்தா தோட்டமே வேலைநிறுத்தம் பண்ணியிருக்கும்." கஞ்சி குடித்து முடித்த பிறகு, "நான் எந்நேரம் வந்தவ புள்ள?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். கொழுந்துக் கறை இன்னும் விரல் வெடிப்பில் இருக்கிறது.

நவம்பர் 5
நாளை கோயம்புத்தூர். மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்திருக்கிறதாம், அதனால் நாலரைக்கே வண்டி. அம்மா கவரை எடுத்துக் கொடுத்தாள். "பொருத்தனைன்னு போட்டிருக்கறத அடிச்சிடு. ஸ்தோத்திரக் காணிக்கைன்னு எழுது. சுகமானாலும் ஆகாட்டியும் குடுத்துடு." எழுதினேன். ஸ்கேன் ஃபைலைக் காணவில்லை, பீரோவுக்கு மேல் பார்க்க வேண்டும்