பிரீலான்ஸ் போட்டோகிராபராகப் போகிறவர் எதை முதலில் படிக்கலாம்

கேமரா வாங்கியாச்சு, அடுத்து எந்த கோர்ஸில் சேரலாம் என்றுதான் நிறைய பேர் கேட்கிறார்கள். கோர்ஸில் சேருவது தப்பில்லை. ஆனால் தனியாகத் தொழில் செய்யப்போகிறவர் படிக்க வேண்டிய வரிசை வேறு. கிளையண்ட் திரும்பக் கூப்பிடுவது படம் பிரமாதமாக இருந்ததற்காக மட்டும் இல்லை, சொன்ன தேதிக்கு எதுவும் தொலையாமல் கைக்கு வந்து சேர்ந்ததற்காகவும்தான். அதனால் இன்னொரு தடவை எடுக்கவே முடியாத ஒரு நிகழ்ச்சியைச் சொதப்பாமல் எடுக்க என்னென்ன தெரிய வேண்டுமோ அதை முதலில் படியுங்கள், ஸ்டைல் எல்லாம் பிறகு.

அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு), ஷட்டர் (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்), ஐஎஸ்ஓ (அந்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்பது) மூன்றையும் ஒரே மாலையில் புரிந்துகொள்ளலாம். கண்ணை எடுக்காமல் விரல் தானாக அவற்றை மாற்றுகிற அளவுக்கு வருவதுதான் நாளாகும். நான் பழகியது ஒரே ஒரு 50 மி.மீ. லென்ஸில், மேனுவல் மோடில், ஒருவரை ஜன்னலோரத்திலிருந்து அறையின் இருட்டு மூலை வரை நகர்த்தி நகர்த்தி எடுத்துத்தான். லென்ஸ் மாறாததால் கவனம் முழுக்க வெளிச்சத்தின் மேலேயே இருந்தது.

பிளாஷைத் தனியாக உட்கார்ந்து படியுங்கள், இதைத்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் பாதியாவதில்லை, கால் பங்காகிவிடும். இரண்டு வரிசையாக நிற்கும் குழுவில் முன்வரிசை பிளாஷிலிருந்து 2 மீட்டரிலும் பின்வரிசை 3 மீட்டரிலும் இருந்தால், முன்னால் இருப்பவர்களுக்கு இரண்டேகால் மடங்கு வெளிச்சம் விழும், பின்னால் நிற்பவர்கள் முகம் மங்கிவிடும். அதே பிளாஷைப் பின்னால் நகர்த்தி 5, 6 மீட்டர் ஆக்கினால் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்குள் அடங்கிவிடும், பவரை மட்டும் கூட்ட வேண்டியிருக்கும். இந்தக் கணக்கு மனதில் இருந்தால் நிகழ்ச்சியில் போய்த் தடுமாற வேண்டாம்.

அரங்க விளக்குகளில் படத்தில் கோடு கோடாக விழுந்தால் கேமரா கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்துப் பாருங்கள் (60 ஹெர்ட்ஸ் உள்ள இடமானால் 1/60, 1/120). மேடை எல்இடிகள் இந்தக் கணக்குக்கு அடங்காமலும் போகலாம், அதனால் ஆட்கள் வருவதற்கு முன்பே போய் டெஸ்ட் ஷாட் எடுத்துவிடுவது நல்லது.

ரா பைலில் (கேமரா பதிந்ததை ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கும் பைல்) எடுங்கள். கேமரா சுருக்கித் தரும் ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிநிலைதான், 14 பிட் ரா பைலில் 16,384. வெள்ளை உடையையும் கறுப்புக் கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடிட் பண்ணும்போது அதன் அருமை தெரியும். இரண்டு கார்டு போடும் வசதி இருந்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் மூன்று பிரதி, இரண்டு வேறு வகைச் சேமிப்பில், அதில் ஒன்று வேறு இடத்தில். காப்பி ஆன பைல்களைத் திறந்து பார்க்காமல் கார்டை பார்மட் செய்யவே கூடாது, எவ்வளவு தூக்கம் வந்தாலும் சரி.

அப்புறம் எழுத்து வேலை. எத்தனை மணி நேரம், எத்தனை படம், எந்தத் தேதிக்குள், அட்வான்ஸ் எவ்வளவு, திருத்தம் கேட்டால் எத்தனை முறை, நிகழ்ச்சி ரத்தானால் என்ன, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், தெரிந்தவர்களிடமும்தான். பணம் வாங்கி எடுத்த படத்தின் காப்புரிமை யாருக்கு என்பதில் நாட்டுக்கு நாடு சட்டம் மாறுகிறது, ஆகவே உங்கள் நாட்டுச் சட்டத்தைப் படித்துவிட்டு, யார் எங்கே பயன்படுத்தலாம் என்பதையும் கிளையண்டிடம் எழுதி வாங்குவதிலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். கட்டணம் சொல்லும்போது எடிட்டிங் நேரத்தையும் கணக்கில் எடுங்கள், பெரும்பாலும் எடுக்கிற நேரத்தைவிட அதுதான் அதிகம்.

இவ்வளவையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் அனுபவமுள்ள ஒருவரிடம் உதவியாளராகப் போங்கள். அவர் எந்த லென்ஸ் வைத்திருக்கிறார் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, அவசரத்தில் யாரிடம் எப்படிப் பேசுகிறார், குழுப்படத்துக்கு ஆட்களை எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறார் என்று கவனியுங்கள். அங்கே நீங்கள் எடுத்த படங்களை உங்கள் போர்ட்ஃபோலியோவில் போடலாமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள், சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.