பயிற்சிக்கு முன்னால் டைம்டேபிள்: பல பள்ளிகளில் புதிய கற்பித்தல் முறையைக் கொண்டுவந்த அனுபவம்

ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கும் பள்ளிகளில் புதிய கற்பித்தல் முறை ஒன்றைக் கொண்டுவருவதென்று முடிவானதும் எல்லோருடைய கவனமும் பயிற்சி நாட்களின் மேலேயே இருக்கும். கருத்தாளர் யார், அரங்கம் எது, எத்தனை நாள் என்று பேச்சு ஓடும். நாங்கள் கொண்டுவந்தது சக மாணவர் கற்பித்தல்: மாணவர்கள் விடையை அட்டையில் காட்டி, பக்கத்தில் இருப்பவரோடு பேசி, மறுபடி காட்டும் முறை. இந்த வேலையில் இருக்கும் எங்கள் குழு கண்டவரை, ஒரு முறை வகுப்பறையில் நிற்குமா என்பது பயிற்சி முடிந்த பின் வரும் வாரங்களில்தான் தெரியும். அந்த வாரங்களில் ஆசிரியருக்கு நேரம் இருக்குமா என்பது டைம்டேபிளில் இருக்கிறது. ஆகவே டைம்டேபிள் போடுவதற்கு முன்பே திட்டம் தயாராகிவிட வேண்டும். கல்வியாண்டு தொடங்கிய பிறகு திட்டம் தீட்டினால் அந்த ஆண்டு போனதுதான்.

முதலில் ஒரு சிக்கலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'புதுமையான கற்பித்தல்' என்று பொதுவாக அறிவித்தால் ஒருவர் குழு வேலை செய்வார், இன்னொருவர் வீடியோ போடுவார். ஆண்டு முடிவில் எது பயன் தந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. நாங்கள் எடுத்துக்கொண்டது 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் பின்னமும் தசமமும். பத்துக் கேள்விகள் கொண்ட சிறிய தேர்வு வைத்து, மதிப்பெண்ணை விட்டுவிட்டு, தவறான விடைகளை வகைவகையாக எண்ணினால் போதும். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியவர்கள் ஒரு வகை. 0.8-ஐ விட 0.35 பெரியது, 8-ஐ விட 35 பெரியதுதானே என்று நினைப்பவர்கள் இன்னொரு வகை. இந்தத் தவறுகளின் பட்டியல்தான் பிறகு பாடப்பொருளாகிறது. சிக்கல் வாசிப்பு என்றால் எழுத்துத் தேர்வு உதவாது. பார்த்து எழுதத் தெரிந்த குழந்தை வாசிக்கத் தெரிந்ததுபோல் தோன்றிவிடும். பிரதம் தொண்டு நிறுவனம் 2005 முதல், கிராமப்புறக் குழந்தைகளின் கல்வி நிலையை அளக்கும் அசர் ஆய்வில் செய்வதுபோல, எழுத்து, சொல், சிறு பத்தி, கதை என்று ஒவ்வொரு குழந்தையையும் தனியே உட்கார வைத்து வாசிக்கச் சொல்ல வேண்டும். குழந்தைக்கு 5 நிமிடம் என்றால் 40 பேருக்கு 200 நிமிடம், அதாவது 40 நிமிட பீரியட் ஐந்து. அந்த நேரத்தில் மற்ற குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆசிரியர் வேண்டும் என்பதைச் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

இனி டைம்டேபிள். கணக்கு ஆசிரியர்கள் எல்லோரும் வாரம் ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்து பேச நேரம் வேண்டும். அதற்குத் தேவைப்படுவது ஒரே ஒரு விதி: வாரத்தில் ஒரு குறிப்பிட்ட பீரியடில் 6 முதல் 8 வரை எந்தப் பிரிவிலும் கணக்குப் பாடம் வரக்கூடாது. அந்த ஆசிரியர்கள் 9, 10 வகுப்புகளுக்கும் போகிறார்கள் என்றால் அங்கும் வரக்கூடாது. இதை அட்டவணையில் முதல் வேலையாக எழுதிவிட்டுத்தான் மற்ற பாடங்களை நிரப்ப வேண்டும். எல்லாம் போட்டு முடித்த பிறகு இந்த ஒரு பீரியடைக் கேட்டால் எந்த தலைமையாசிரியராலும் தர முடியாது. ஒன்றை நகர்த்தினால் ஒன்பது இடம் மாறும். முதல் பீரியடில் வைத்தால் காலை வழிபாடு நீளும் நாளில் போய்விடும். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் விழாக்களுக்கு இரையாகிவிடும். வார நடுவில், இரண்டாவதிலிருந்து நான்காவதுக்குள் ஒரு பீரியட் பாதுகாப்பானது. அத்தோடு, பதிலி ஆசிரியர் போடும் பதிவேட்டில் அந்தக் கட்டத்தை 'வகுப்பு' என்றே குறிக்க வேண்டும். 'காலி' என்று இருந்தால், விடுப்பில் போனவரின் வகுப்புக்கு அனுப்பப்படும் முதல் ஆள் அந்தக் கணக்கு ஆசிரியராகத்தான் இருப்பார். ஒரே ஒரு கணக்கு ஆசிரியர் உள்ள சிறிய பள்ளியைப் பக்கத்துப் பள்ளியோடு இணைத்து, இரண்டிலும் ஒரே பீரியடை ஒதுக்கினால் வீடியோ அழைப்பில் பேசிக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை நேரில்.

இதற்கெல்லாம் தலைமையாசிரியரின் மனம் வேண்டும். ஆசிரியர்களுக்கு முன்பே தலைமையாசிரியர்களுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். அந்த நாளில் உரைகள் வேண்டாம். அவரவர் பள்ளி அட்டவணையை மேசையில் விரித்து அந்தப் பீரியடைக் கண்டுபிடித்துவிட்டே எழுந்திருக்க வேண்டும்.

பயிற்சியின் வடிவத்தைப் பற்றி: விடுமுறையில் ஐந்து நாள் தொடர்ச்சியாக நடத்துவதைவிட, தொடக்கத்தில் இரண்டு நாள், பிறகு நான்கு வாரத்துக்கு ஒருமுறை அரை நாள் என்று பிரிப்பது மேல். இடையில் வகுப்பில் செய்து பார்த்துவிட்டு வருபவரின் கேள்விகளே வேறு. ஆசிரியர் பயிற்சியை நெடுங்காலம் ஆராய்ந்த புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980-களிலேயே இதை எழுதியிருக்கிறார்கள்: விளக்கமும் மாதிரி வகுப்பும் ஒத்திகையும் சேர்ந்தாலும்கூட, வகுப்பறையில் தொடர்ந்து துணை இல்லாவிட்டால் கற்றது அங்கே போய்ச் சேருவது அரிது.

அந்த இரண்டு நாளில் பெரும்பகுதி ஒத்திகைக்குப் போக வேண்டும். ஐவர் கொண்ட குழு. ஒருவர் 7 நிமிடம் பாடம் நடத்த, 3 நிமிடம் மற்றவர்கள் கருத்துச் சொல்ல, அதே பாடத்தை உடனே மீண்டும் 7 நிமிடம். ஐந்து பேருக்கு 85 நிமிடம். மாறி உட்காரும் நேரத்தையும் சேர்த்து 100 நிமிடம் விடுங்கள். நேரம் போதவில்லை என்று அந்த இரண்டாவது 7 நிமிடத்தை வெட்டத் தோன்றும். வெட்டக் கூடாது. மாற்றம் நிகழ்வது அதில்தான். ஓர் அறைக்கு 25 முதல் 30 பேர், இரண்டு கருத்தாளர்கள். அதற்கு மேல் போனால் ஒத்திகை சொற்பொழிவாகிவிடும்.

நாங்கள் சொல்லிக்கொடுத்த முறை எளிது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் இயற்பியல் வகுப்புகளுக்கு உருவாக்கிய சக மாணவர் கற்பித்தலின் பள்ளி வடிவம். ஆசிரியர் ஒரு கேள்வியும் நான்கு விடைகளும் தருகிறார். மாணவர்கள் ஒரு நிமிடம் தனியே யோசித்து அ, ஆ, இ, ஈ அட்டைகளில் ஒன்றை உயர்த்துகிறார்கள். சரியான விடை சொன்னவர்கள் ஏறத்தாழ 30 முதல் 70 சதவீதம் வரை என்றால், பக்கத்தில் இருப்பவரோடு பேசவிட்டு மறுபடி அட்டை. அதற்குக் கீழே என்றால் பாடத்தைத் திரும்ப நடத்த வேண்டும். மேலே என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகரலாம். தவறான மூன்று விடைகளையும் ஆசிரியர் கற்பனையில் எழுதினால் கேள்வி உயிரற்றுப் போகும். முன்பு திரட்டிய தவறுகளின் பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இதில் கெட்டுப்போகும் இடங்கள் தெரிந்தவை. அட்டையை ஆளுக்கொரு நேரத்தில் தூக்கினால் மற்றவர்கள் முதல் மாணவியின் அட்டையைப் பார்த்து மாற்றிக்கொள்வார்கள். அட்டையை நெஞ்சோடு வைத்திருந்து, ஆசிரியர் எண்ணியதும் எல்லோரும் ஒரே சமயம் காட்ட வேண்டும். இன்னொன்று ஆசிரியரின் அவசரம். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிகூடக் காத்திருப்பதில்லை என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் காட்டினார். அதை மூன்று விநாடியாக்கினாலே பதில்கள் நீள்கின்றன, பதிலே சொல்லாத மாணவர்கள் குறைகிறார்கள். அட்டைகள் பயிற்சி முடியும் நாளிலேயே கையில் கிடைக்க வேண்டும், பத்து சதவீதம் கூடுதலாக. ஒரு மாதம் கழித்து வந்தால் அவை அலமாரியிலேயே இருந்துவிடும்.

அடுத்தது வகுப்புக்கு வரும் வழிகாட்டி ஆசிரியர். இந்த முழு ஏற்பாட்டின் முதுகெலும்பு அவர்தான். ஒருவருக்குப் பதினைந்து ஆசிரியர்களுக்கு மேல் தரக் கூடாது. ஒரு நாளைக்கு ஒரு வகுப்பு என்றால் வாரத்துக்கு ஐந்து, மூன்று வாரத்தில் எல்லோரையும் ஒரு சுற்று. பன்னிரண்டு வாரப் பருவத்தில் ஒவ்வொருவரையும் நான்கு முறை பார்க்கலாம். வகுப்புக்கு முன் பத்து நிமிடம் பேச்சு, முழு பீரியடும் உட்கார்ந்து கவனிப்பு, அதே நாளில் இருபது நிமிட உரையாடல். மறுநாளைக்குத் தள்ளினால் பாதி மறந்துவிடும். குறிப்புத் தாளில் மதிப்பெண் கட்டங்களே இருக்கக் கூடாது, பார்த்தது மட்டும். இருக்கை வரைபடம் ஒன்று வரைந்து, பதில் சொன்ன ஒவ்வொரு மாணவரின் இடத்திலும் ஒரு கோடு போட்டால் போதும். பன்னிரண்டு கேள்வியில் ஒன்பதுக்கு முதல் இரண்டு வரிசையே பதில் சொன்னது என்று காகிதம் காட்டும்போது, வழிகாட்டி எதுவும் சொல்லத் தேவையிருக்காது. ஆலோசனை ஒன்றே ஒன்று. ஐந்து சொன்னால் ஒன்றும் நடக்காது.

வழிகாட்டியின் குறிப்பு பணி மதிப்பீட்டுக் கோப்புக்குப் போகவே கூடாது. போகும் என்ற சந்தேகம் வந்தாலே அவர் வரும் நாளில் மட்டும் ஒரு காட்சி வகுப்பு நடக்கும், மறுநாள் பழையபடி. நிர்வாகம் இதை எழுத்திலேயே உறுதி தர வேண்டும்.

'போர்ஷன் எப்போது முடிப்பது?' என்று ஆசிரியர்கள் கேட்பதைச் சோம்பலாக எடுத்துக்கொள்வது பெரிய அநியாயம். நேரம் உண்மையிலேயே இல்லை. புதிதாக ஒன்றைச் சேர்ப்பவர் பழையதில் ஒன்றை எடுத்தாக வேண்டும்: வினா விடைகளை நோட்டில் அப்படியே எழுத வைப்பது, வாரத் தேர்வுகளில் ஒன்று, திரும்பத் திரும்ப வரும் பயிற்சிக் கணக்குகள். எதை விடலாம் என்று நிர்வாகமே பாடவாரியாகப் பட்டியல் தர வேண்டும். அப்போது நோட்டு மெலியும், பெற்றோர் கேட்பார்கள். முதல் பெற்றோர் கூட்டத்தில் அவர்கள் கையிலேயே அட்டைகளைக் கொடுத்து ஒரு கேள்வி நடத்திக் காட்டுங்கள். பருவத் தேர்வு மனப்பாடத்தை மட்டுமே கேட்டால் ஆசிரியர்கள் அதற்குத்தான் தயார் செய்வார்கள். வினாத்தாளில் ஐந்தில் ஒரு பங்காவது இந்த வகைக் கேள்விகளாக மாற வேண்டும்.

விரிவாக்கத்தில் பெரிய ஆபத்து அடுக்கடுக்கான பயிற்சி. மேல்மட்டத்தில் இரண்டு நாள், அடுத்த மட்டத்தில் ஒரு நாள், பள்ளியில் மாலை ஒரு மணி நேரம்; கடைசியில் ஆசிரியரிடம் அட்டையைத் தூக்குவது மட்டும் போய்ச் சேரும், தவறுகளின் பட்டியல் சேராது. தன் வகுப்பில் ஒரு பருவமாவது இதைச் செய்தவர் மட்டுமே மற்றவர்களுக்குப் பயிற்சி தரலாம் என்பதை மீற முடியாத விதியாக வையுங்கள். முதல் ஆண்டுக்கு, இருபது பள்ளிகளில் நான்கு போதும்: ஆர்வமுள்ளவை இரண்டு, சராசரியானது ஒன்று, சிரமமானது ஒன்று. நல்ல பள்ளிகளை மட்டும் எடுத்தால், மற்ற இடங்களில் என்ன நடக்கும் என்பது தெரியாமலே போய்விடும். வருகைப் பதிவையும் பயிற்சி நாளில் நிரப்பிய கருத்துப் படிவத்தையும் வைத்து வெற்றியை அளக்க வேண்டாம். எட்டாவது வாரத்தில் பத்து வகுப்புகளுக்குள் ஐந்தைந்து நிமிடம் போய் அட்டைகள் மேசைமேல் இருக்கின்றனவா என்று பாருங்கள். பருவ முடிவில் அதே பத்துக் கேள்விகளின் மாற்று வடிவத்தைக் கொடுத்து அதே தவறுகளை மீண்டும் எண்ணுங்கள்.

இரண்டாம் ஆண்டில் எத்தனை பள்ளிகளுக்குப் போகலாம் என்பதை வழிகாட்டிகளின் எண்ணிக்கை தீர்மானிக்கட்டும். முதல் ஆண்டு ஆசிரியர்களிலிருந்தே அவர்களைத் தேர்ந்தெடுத்து, பாட வேளையைப் பாதியாகக் குறையுங்கள். ஒரு வகுப்பையாவது அவர்கள் தொடர்ந்து நடத்த வேண்டும்; சொந்த வகுப்பு இல்லாத வழிகாட்டியின் பேச்சை ஆசிரியர் அறையில் யாரும் கேட்க மாட்டார்கள்.